பூச்சு ஏன் வெடிக்கிறது, ஆடி ஏன் வளைகிறது? உயர்திறன் லேசர் கோட்டிங்கின் தகைவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரியில் வெற்றிடச் சேம்பரை ஓட்டி, கண்ணாடிமேல் அடுக்கடுக்காகப் பூச்சு ஏற்றுவது என் வேலை. கல்லூரிப் பிள்ளைகள் புராஜெக்ட்டுக்காக வருவார்கள். கடலூரிலிருந்து லேசர் கட்டிங் பட்டறைக்காரர்கள் போன் செய்வார்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்த தம்பிகள் சேம்பர் பக்கத்தில் நின்றுகொண்டே கேட்பார்கள். பூச்சு ஏன் வலைபோல் வெடித்தது, ஏன் உரிந்தது, தட்டையாக இருந்த ஆடி (லேசர் ஒளியை எதிரொளிக்கும் பூசிய கண்ணாடி) ஏன் வளைந்தது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். மூன்றுக்கும் காரணம் தகைவு. பட்டறையில் ஸ்ட்ரெஸ் என்போம். திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

பூச்சில் தகைவு என்றால் என்ன?

வெயிலில் காயப்போட்ட அப்பளம் ஓரம் தூக்கி வளைவதைப் பார்த்திருப்பீர்கள். மேல்பக்கம் முதலில் காய்ந்து சுருங்கப் பார்க்கிறது. அடிப்பக்கம் இன்னும் ஈரமாக இருப்பதால் கூடவே சுருங்குவதில்லை. அந்த இழுபறியில் அப்பளம் குழிகிறது. பூச்சுக்கும் கண்ணாடிக்கும் நடப்பது இதுதான். பூச்சு சுருங்க விரும்பி, கண்ணாடி விடாமல் பிடித்திருந்தால் அது இழுவிசைத் தகைவு. பூசிய முகம் குழியும். பூச்சு விரிய விரும்பி, கண்ணாடி அதை அடக்கி வைத்திருந்தால் அமுக்கத் தகைவு. பூசிய முகம் புடைக்கும். கணக்கில் இழுவிசைக்கு பிளஸ், அமுக்கத்துக்கு மைனஸ். அலகு மெகாபாஸ்கல்.

புதுச்சேரிக்காரர்களுக்கு இன்னொரு விதமாகவும் சொல்லலாம். 1971 முதல் இங்கே இயங்கும் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியால் இந்த ஊரில் மட்பாண்டக் கலைஞர்கள் நிறைய. ஆறும்போது பாண்டத்தைவிட அதிகமாகச் சுருங்கும் மெருகில் (பாண்டத்தின் கண்ணாடிப் பூச்சு, கிளேஸ்) வலைபோல் மயிரிழை வெடிப்பு விழும் என்பதும், குறைவாகச் சுருங்கும் மெருகு ஓரங்களில் சில்லு சில்லாகத் தெறிக்கும் என்பதும் அவர்களுக்கு நன்றாகத் தெரியும். முதலாவது இழுவிசை, இரண்டாவது அமுக்கம். மெருகின் கனம் மில்லிமீட்டர் கணக்கில் இருக்கும், எங்கள் அடுக்கு நானோமீட்டர் கணக்கில் இருக்கும். மற்றபடி இரண்டும் ஒரே இயற்பியல்.

தலைமுடியைவிட மெல்லிய பூச்சு, கட்டியான கண்ணாடியை எப்படி வளைக்கும்?

கணக்குப் போட்டுப் பார்த்தால் நம்புவீர்கள். 1064 நானோமீட்டர் லேசருக்கான ஒரு ஆடியை எடுத்துக்கொள்வோம். ஹாஃப்னியம் ஆக்சைடும் (சுருக்கமாக ஹாஃப்னியா) சிலிக்காவும் மாறி மாறி 18 ஜோடி. கால் அலைநீள அடுக்கு (அந்தப் பொருளுக்குள் ஒளியின் அலைநீளத்தில் கால் பங்கு கனம்) என்றால் ஹாஃப்னியா சுமார் 138 நானோமீட்டர், சிலிக்கா சுமார் 183 நானோமீட்டர். மொத்தம் 6 மைக்ரானுக்குச் சற்றுக் குறைவு. 6 என்றே வைத்துக்கொள்வோம்.

இதில் 300 மெகாபாஸ்கல் அமுக்கத் தகைவு இருந்தால், தகைவைக் கனத்தால் பெருக்க, மீட்டருக்கு 1800 நியூட்டன். அதாவது விளிம்பின் ஒவ்வொரு சென்டிமீட்டரிலும் 18 நியூட்டன், ஏறக்குறைய 1.8 கிலோ எடை தொங்குவது போல. 50 மில்லிமீட்டர் ஆடியின் குறுக்கே பார்த்தால் 9 கிலோ வரும்.

இந்த விசை கண்ணாடியை எவ்வளவு வளைக்கும் என்பதற்கு 1909இல் ஸ்டோனி கொடுத்த சூத்திரத்தைத்தான் இன்றும் பயன்படுத்துகிறோம். தகைவு, பூச்சின் கனம் இரண்டையும் பெருக்கி, அதை 6 மடங்காக்கி, ஒன்றிலிருந்து கண்ணாடியின் பாய்சான் விகிதத்தை (ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கம் எவ்வளவு சுருங்கும் என்ற விகிதம்) கழித்து வருவதாலும் பெருக்க வேண்டும். பிறகு கண்ணாடியின் யங் குணகத்தாலும் (விறைப்பின் அளவு) கண்ணாடிக் கனத்தின் இருமடியாலும் வகுத்தால் வளைவு கிடைக்கும். உருக்கிய சிலிக்காக் கண்ணாடிக்கு யங் குணகம் 73 கிகாபாஸ்கல், பாய்சான் விகிதம் 0.17. கனம் 10 மில்லிமீட்டர் என்றால் வளைவு ஆரம் சுமார் 814 மீட்டர் வருகிறது.

814 மீட்டர் என்றதும் தட்டைதானே என்று தோன்றும். 50 மில்லிமீட்டர் ஆடியின் நடுவுக்கும் ஓரத்துக்கும் உயர வித்தியாசம் சுமார் 384 நானோமீட்டர். சோதனைக்குப் பயன்படும் 633 நானோமீட்டர் சிவப்பு லேசரில் அது 0.6 அலை. பத்தில் ஒரு அலைக்குள் தட்டையாக வேண்டும் என்று கேட்டவரிடம் இந்த ஆடியைக் கொடுக்க முடியாது.

அதே ஆடியை 5 மில்லிமீட்டர் கனத்தில் செய்தால் வளைவு நான்கு மடங்காகி ஒன்றரை மைக்ரானாகிவிடும். பணம் மிச்சம் பிடிக்க மெல்லிய கண்ணாடி வாங்குபவர்களிடம் இதைத்தான் முதலில் சொல்வேன். கண்ணாடி மிகவும் தடித்துப்போனால் ஸ்டோனியின் சூத்திரம் சரியாக வராது. அது மெல்லிய தட்டுக்கானது.

இந்தத் தகைவு எங்கிருந்து வருகிறது?

மூன்று இடங்களிலிருந்து.

முதலாவது, பூச்சு வளரும் விதம். எலக்ட்ரான் பீமால் பொருளை ஆவியாக்கிப் படியவைக்கும்போது அணுக்கள் மெதுவாக வந்து உட்காருகின்றன. தூண் தூணாக வளர்ந்து இடையில் நுண்துளைகள் விடுகின்றன. ஹாஃப்னியா இப்படி வளரும்போது பெரும்பாலும் இழுவிசைப் பக்கம் போகும். சிலிக்கா அமுக்கப் பக்கம் போகும். அயனிக்கற்றையால் பொருளை மோதி அணுக்களைத் தெறிக்கவைத்துப் பூசும் அயனிக்கற்றை ஸ்பட்டரிங்கில் கதை வேறு. அணுக்கள் வேகமாக வந்து மோதுவதால், ஏற்கெனவே இருப்பவற்றுக்கு நடுவே ஆப்பு அடித்தது போல் இறுகிவிடுகின்றன. பூச்சு அடர்த்தியாக, துளையே இல்லாமல் வரும். அமுக்கத் தகைவும் நூற்றுக்கணக்கான மெகாபாஸ்கலுக்கு ஏறும்.

இரண்டாவது, சூடு. பூசுவது சூட்டில், பயன்படுத்துவது அறை வெப்பத்தில். பிகே7 என்ற ஒளியியல் கண்ணாடி ஒவ்வொரு டிகிரிக்கும் பத்து லட்சத்தில் 7.1 பங்கு சுருங்கும், சிலிக்கா 0.55 பங்குதான். 220 டிகிரியில் பூசி 20 டிகிரிக்கு ஆறவிட்டால், சிலிக்கா அடுக்கில் இதனால் மட்டும் சுமார் 115 மெகாபாஸ்கல் அமுக்கம் சேரும். அதே அடுக்கை உருக்கிய சிலிக்காக் கண்ணாடியில் பூசினால் இந்தப் பங்கு ஏறக்குறைய பூஜ்யம். ஆகவே ஒரு கண்ணாடியில் நன்றாக வந்த டிசைனை வேறொரு கண்ணாடியில் அப்படியே போடாதீர்கள்.

மூன்றாவது, காற்றின் ஈரம். இதற்குத் தனிக் கேள்வியே இருக்கிறது.

இழுவிசையா, அமுக்கமா, எது பரவாயில்லை?

அளவோடு இருந்தால் அமுக்கம். வறண்ட ஏரியின் களிமண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்குமே, அது இழுவிசை. வெடிப்பு ஒரு இடத்தில் தொடங்கினால் பூச்சு முழுதும் ஓடிவிடும், திருப்பிச் சரிசெய்ய வழியே இல்லை. அமுக்கத்தில் பூச்சு தன் வெடிப்புகளைத் தானே மூடி வைத்துக்கொள்ளும். அளவு மீறினால்தான், கடற்கரையோர வீட்டுச் சுவரின் பெயின்ட் போலக் கொப்பளித்து உரியும். கண்ணாடியைச் சரியாகத் துடைக்காமல் பூசினால் அளவு மீறாமலே உரியும்.

எதிலும் கனம் கூடக்கூட ஆபத்து கூடும். பூச்சு வெடிக்கவோ உரியவோ தூண்டும் ஆற்றல், தகைவின் இருமடியையும் கனத்தையும் பொறுத்தது. 10 ஜோடிக்குத் தாங்கிய செய்முறை 25 ஜோடிக்குத் தாங்கும் என்று நினைத்துவிடாதீர்கள்.

"புதுச்சேரியில் அளந்த எண் எங்கள் லேபில் வரவில்லை." ஏன்?

இந்தப் பக்கத்தை எழுதத் தொடங்கியதே இந்தக் கேள்விக்காகத்தான்.

மழைக்காலத்தில் மரக்கதவு உப்பி நிலையில் பிடித்துக்கொள்கிறது, பங்குனி வெயிலில் தானாகத் திறந்துகொள்கிறது. துளையுள்ள எலக்ட்ரான் பீம் பூச்சும் அப்படித்தான். சேம்பரைத் திறந்ததும் நம் கடற்கரைக் காற்றிலுள்ள ஈரம் துளைகளுக்குள் போகிறது. பூச்சு உப்ப விரும்புகிறது. தகைவு அமுக்கப் பக்கம் நகர்கிறது. கூடவே ஒளிவிலகல் எண்ணும் கூடுவதால், ஆடி எந்த அலைநீளத்துக்கு வேலை செய்கிறதோ அதுவும் நீண்ட பக்கமாக ஒன்றிரண்டு சதவீதம் தள்ளிப்போகும். முதல் சில நாள் மாற்றம் வேகமாக இருக்கும். அப்புறம் வாரக்கணக்கில் மெதுவாக ஊர்ந்துகொண்டே இருக்கும். அதே ஆடியை வெற்றிடத்திலோ உலர்ந்த நைட்ரஜனிலோ வைத்தால் தண்ணீர் வெளியேறி, தகைவு இழுவிசைப் பக்கம் திரும்பி நடக்கும்.

நானே இதில் அடிபட்டிருக்கிறேன். சில வருடங்களுக்கு முன், ஐப்பசி மழை விடாமல் பெய்த ஒரு வாரம். அறை ஈரப்பதம் 75 சதவீதம். அந்தக் காற்றிலேயே அளந்தேன். மைனஸ் 20 மெகாபாஸ்கல் காட்டியது. லேசான அமுக்கம், இதைவிட நல்ல எண் கிடையாது என்று மகிழ்ந்து பார்சல் கட்டினேன். வாங்கியவர் அதை வெற்றிடச் சேம்பருக்குள் வைத்தார். மூன்றாம் நாள் படம் அனுப்பினார். ஆடி முழுக்கச் சிலந்தி வலை. ஈரம் போனதும் அந்த மைனஸ் 20 பெரிய பிளஸ்ஸாக மாறிவிட்டது. தவறு முழுக்க என்னுடையது. வெற்றிடத்தில் வேலை செய்யப்போகும் ஆடியை ஈரக்காற்றில் அளந்து சரி என்று சொன்னது நான்தான்.

அன்றிலிருந்து ஈரப்பதம், வெப்பநிலை, பூசி எத்தனை நாள் ஆயிற்று என்ற மூன்றும் இல்லாமல் எந்தத் தகைவு எண்ணையும் நான் எழுதுவதில்லை. அவை இல்லாத எண்ணை யார் கொடுத்தாலும் ஏற்பதுமில்லை. வெற்றிடத்துக்குப் போகும் ஆடி என்றால் காற்றில் இருக்கும்போதே கூடுதல் அமுக்கத்தில் இருக்குமாறு வேண்டுமென்றே டிசைன் செய்கிறேன். தண்ணீர் போனபின்னும் அது இழுவிசைக்குள் விழக்கூடாது.

அப்படியானால் துளையே இல்லாத ஸ்பட்டரிங் பூச்சு போதுமே?

ஈரப் பிரச்சினைக்கு அது நல்ல விடை. ஈர்ப்பு அலைகளைப் பிடிக்கும் லைகோவின் ஆடிகள் அயனிக்கற்றை ஸ்பட்டரிங்கில் பூசப்பட்டவை. 34 சென்டிமீட்டர் விட்டம், 20 சென்டிமீட்டர் கனம், 40 கிலோ எடை. மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலியில் வரவிருக்கும் லைகோ இந்தியா பற்றிக் கேட்கும் மாணவர்களுக்கு இதைச் சொல்வேன்.

ஆனால் ஒரு மீட்டரை நெருங்கும் ஆடிகளை ஸ்பட்டரிங்கில் ஒரே சீராகப் பூசுவது கடினம், செலவும் அதிகம், அமுக்கத் தகைவும் பெரிது. அமெரிக்காவின் நேஷனல் இக்னிஷன் ஃபெசிலிட்டியில் 192 லேசர் கற்றைகள் இருக்கின்றன. 2022 டிசம்பர் 5 அன்று 2.05 மெகாஜூல் லேசர் ஆற்றலைச் செலுத்தி 3.15 மெகாஜூல் அணு இணைவு ஆற்றலை எடுத்தது அங்கேதான். அந்தக் கற்றைகளைத் திருப்பிவிடும் பெரிய ஆடிகளில் இருப்பது எலக்ட்ரான் பீமில் ஆவியாக்கிய ஹாஃப்னியா-சிலிக்கா. நானோ விநாடித் துடிப்புகளுக்கு அது நன்றாகத் தாங்குகிறது. எனவே எது உயர்ந்தது என்று பொதுவாகச் சொல்வதற்கில்லை.

நடுவழியும் உண்டு. ஆவியாக்கும்போதே அயனித் துப்பாக்கியால் லேசாகத் தட்டிக்கொண்டே போகலாம். துளை குறையும், அமுக்கம் சற்றுக் கூடும்.

தகைவை எப்படிக் கட்டுப்படுத்துவது?

எனக்குப் பிடித்த முதல் வழி அடுக்குகளின் கன விகிதம். ஓர் உதாரணக் கணக்கு: ஹாஃப்னியாவில் பிளஸ் 200 மெகாபாஸ்கல், கனம் 138 நானோமீட்டர், மீட்டருக்கு 27.6 நியூட்டன் இழுப்பு. சிலிக்காவில் மைனஸ் 150, கனம் 183, மீட்டருக்கு 27.5 நியூட்டன் அமுக்கம். ஒன்றையொன்று தின்றுவிட்டன, கண்ணாடி வளையாது. இழுவிசை மிஞ்சினால் ஹாஃப்னியாவைக் கொஞ்சம் மெலிதாக்கி, ஒளியியல் கனம் மொத்தத்தில் மாறாதபடி சிலிக்காவைத் தடிப்பாக்கலாம். எதிரொளிக்கும் பட்டை அகலம் சற்றுக் குறுகும். தேவையான எதிரொளிப்புக்கு இரண்டொரு ஜோடி கூடவும் வேண்டியிருக்கும்.

ஆனால் கூட்டினால் பூஜ்யம் வருவதால் உள்ளே அமைதி என்று அர்த்தமில்லை. ஒவ்வொரு அடுக்கும் தன் தகைவைத் தாங்கிக்கொண்டுதான் நிற்கிறது. மேலும், ஈரம் புகுந்து இரண்டிலும் 50 மெகாபாஸ்கல் அமுக்கம் சேர்ந்தால் அந்தப் பூஜ்யம் மொத்தமாக மைனஸ் 50 ஆகிவிடும். மேலே சொன்ன என் கதை இதன் தலைகீழ்.

இரண்டாவது, ஆக்சிஜன் அழுத்தம். சிலிக்காவை ஆவியாக்கும்போது ஆக்சிஜனைக் கூட்டினால் துளை கூடி அமுக்கம் குறையும். கையில் இருக்கும் நல்ல திருகு இது, ஆனால் துளை கூடினால் ஈரத்துக்கு அடிமை.

மூன்றாவது, பூசியபின் சுடுவது. ஸ்பட்டரிங் பூச்சை 300 முதல் 500 டிகிரியில் மெதுவாகச் சூடேற்றி மெதுவாக ஆறவிட்டால் ஆப்பு அடித்த அணுக்கள் தளர்ந்து உட்காரும். தகைவும் ஒளி உறிஞ்சலும் சேர்ந்தே குறையும். பேராசைப்பட்டு இன்னும் ஏற்றினால் அடுக்குகள் படிகமாகி ஒளியைச் சிதறடிக்கும். ஸ்பட்டரிங்கில் பூசப்படும் இன்னொரு பொருளான டான்டலம் ஆக்சைடு 600 டிகிரியைத் தாண்டிப் படிகமாகும், ஹாஃப்னியா அதற்கும் முன்பே.

ஈரம் புகுவதைத் தடுக்க நடுவில் அடர்த்தியான அலுமினா அடுக்கு வைப்பதும் உண்டு. வளைவு எவ்வளவு வரும் என்று முன்கூட்டியே உறுதியாகத் தெரிந்தால், அதற்கு எதிர்த்திசையில் கண்ணாடியை மெருகிட்டு வாங்கிக்கொள்ளலாம்.

பின்பக்கமும் பூசினால் வளைவு போய்விடுமா?

போகும். முன்பக்கம் மீட்டருக்கு 1800 நியூட்டன் என்றால், பின்பக்கம் மைனஸ் 400 மெகாபாஸ்கல் சிலிக்காவை 4.5 மைக்ரான் பூசினால் சரிக்குச் சரி. வளைவு மட்டும்தான் போகும். முன்பக்கப் பூச்சு உரியும் அபாயம் அப்படியே இருக்கும். ஃபைபர் லேசர் கட்டிங் தலையில் மாட்டும் பாதுகாப்புக் கண்ணாடியில் இருபுறமும் ஒரே பூச்சு இருப்பதால், அதில் வளைவுப் பிரச்சினை அநேகமாக வருவதே இல்லை.

தகைவு கூடினால் லேசர் தாங்கும் திறன் குறையுமா?

நேரடியாக அப்படிச் சொல்ல முடியாது. நானோ விநாடித் துடிப்பில் ஆடியை முதலில் கொல்வது பெரும்பாலும் சிறு குறைகள்தான். பூசும்போது தெறித்த ஒரு துணுக்கின்மேல் அடுக்குகள் கொப்புளம்போல் வளரும். அங்கே மின்புலம் குவியும். ஒருநாள் அது பிய்த்துக்கொண்டு கிளம்பும். ஹாஃப்னியம் ஆக்சைடுக்குப் பதில் ஹாஃப்னியம் உலோகத்தை ஆவியாக்கி ஆக்சிஜனோடு சேர்ப்பது இந்தத் தெறிப்பைக் குறைக்கத்தான். தகைவு தனியாக வேலை செய்வதில்லை. இருக்கிற குறையைப் பெரிதாக்குகிறது. மயிரிழை வெடிப்பின் ஓரத்தில் மின்புலம் குவியும், அழுக்கும் சேரும். மேலே அரை அலைநீள சிலிக்கா ஒன்று, சுமார் 367 நானோமீட்டர், கூடுதலாகப் பூசுவது தாங்குதிறனுக்கு நல்லது. அதன் அமுக்கத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

என் சிஓ2 கட்டிங் மெஷின் லென்ஸில் வலைபோல் கோடு விழுந்திருக்கிறது. துடைத்தால் போகுமா?

போகாது, அது வெடிப்பு. சிஓ2 லேசரின் அலைநீளம் 10.6 மைக்ரான். அதாவது மேலே சொன்ன லேசரைப் போலப் பத்து மடங்கு. அதனால் அடுக்கும் பத்து மடங்கு கனம். அந்தப் பூச்சில் உள்ள ஃப்ளூரைடு அடுக்குகள் இழுவிசைப் பக்கம் போகிறவை. புகை படிந்த இடம் சூட்டை உறிஞ்சி, மீதி இடம் குளிர்ந்திருந்தால் முடிந்தது. தினமும் காலையில் லென்ஸ் டிஷ்யூவில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் விட்டு, அழுத்தாமல் ஒரே இழுப்பாகத் துடையுங்கள். லுங்கி ஓரமோ பனியன் துணியோ வேண்டாம்.

ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்த லென்ஸ் ஜிங்க் செலினைடு. அதன் தூள் நச்சு. பழைய லென்ஸ்களின் பூச்சில் லேசான கதிரியக்கமுள்ள தோரியம் ஃப்ளூரைடும் இருக்கலாம். உடைந்தால் கையுறையும் முகமூடியும் போட்டு ஈரத்துணியால் எடுத்து, மூடிய டப்பாவில் வையுங்கள். குப்பையில் கொட்டாதீர்கள். விற்றவரிடமே திருப்பிக் கொடுங்கள்.

பூச்சின் நடுவில் கரண்ட் போனால் விட்ட இடத்திலிருந்து தொடரலாமா?

உயர்திறன் லேசருக்கு என்றால் நான் தொடரமாட்டேன். கண்ணாடி ஆறிவிடும், சேம்பரில் மிச்சமிருக்கும் வாயுக்கள் அரைகுறை அடுக்கின்மேல் படியும், அந்த முகம்தான் பின்னால் உரியும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தபின், எத்தனை நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தோம் என்பது இந்தப் பக்கத்தாருக்கு மறக்காது. வானிலை எச்சரிக்கை இருக்கும் நாளில் 14 மணி நேர ஓட்டத்தைத் தொடங்காதீர்கள்.

ஆர்டரில் என்ன எழுத வேண்டும்?

இந்த மாதிரி எழுதினால் போதும்: "அலைநீளம் 1064 நானோமீட்டர், விட்டம் 50, கனம் 10 மில்லிமீட்டர், உருக்கிய சிலிக்கா. பூசியபின் தட்டைத்தன்மை இவ்வளவு. தகைவை 23 டிகிரியில், 40 சதவீத ஈரப்பதத்தில் ஒரு வாரம் வைத்தபின் அளக்கவும். பயன்பாடு வெற்றிடத்தில்." கடைசி வரியை விட்டுவிடுபவர்கள்தான் அதிகம்.

எங்கள் கல்லூரியில் இன்டர்ஃபெரோமீட்டர் (ஒளி அலைகளால் தட்டைத்தன்மையை அளக்கும் கருவி) இல்லை. தகைவை அளக்க வேறு வழி உண்டா?

உண்டு, அழகான வழி. நுண்ணோக்கிக்கு வைக்கும் 0.15 மில்லிமீட்டர் கவர் கிளாஸை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 1 மைக்ரான் பூச்சு, 100 மெகாபாஸ்கல் தகைவு என்றால் வளைவு ஆரம் சுமார் 3.4 மீட்டருக்கு வந்துவிடும். கண்ணாடியின் ஓரத்தை மட்டும் பிடித்து நிறுத்தி, ஒரு லேசர் பாயின்டரை அதன்மேல் விழவைத்து, திரும்பும் புள்ளியை 3 மீட்டர் தள்ளிச் சுவரில் பாருங்கள். லேசரைப் பக்கவாட்டில் சரியாக 10 மில்லிமீட்டர் நகர்த்தினால், தட்டைக் கண்ணாடியில் புள்ளியும் 10 மில்லிமீட்டர்தான் நகரும். வளைந்த கண்ணாடியில் அதோடு இன்னும் ஒரு 17 மில்லிமீட்டர் கூடும் அல்லது குறையும். அந்த 17ஐ அளவுகோலால் அளந்து, ஸ்டோனி சூத்திரத்தைத் திருப்பிப் போட்டால் தகைவு கைக்கு வந்துவிடும்.

கவர் கிளாஸ் வாங்கும்போதே கொஞ்சம் வளைந்திருக்கும். ஆகவே பூசுமுன் ஒருமுறை, பூசியபின் ஒருமுறை அளந்து வித்தியாசத்தை எடுங்கள். திரும்பிவரும் கற்றை யார் கண்ணிலும் படாத உயரத்தில் வையுங்கள்.

முடிந்தால் அதே கவர் கிளாஸை மழை பெய்யும் நாளில் ஜன்னலோரம் வைத்து ஒருமுறையும், சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் இரண்டு நாள் மூடிவைத்து எடுத்தவுடன் ஒருமுறையும் அளந்து பாருங்கள். புள்ளி நகர்ந்தால் அளவுகளைக் குறித்துக்கொண்டு வாருங்கள், எனக்கும் பார்க்க ஆசை.